மாமாவோடு எழுந்த ஸ்டூல்

எனக்குத் தன்னம்பிக்கை எப்போதும் கொஞ்சம் அதிகம். (கொஞ்சமா என்று என் வீட்டில் கேட்டுவிடாதீர்கள், நாள் முழுக்கப் பேசுவார்கள்.) அந்தத் தைரியத்தில்தான் பேண்டேஜ் துணியில் ஸ்டூல் செய்தேன்.

டிசைன் படிப்பை முடித்து ராஜபாளையம் திரும்பியிருந்த நேரம். கிடைக்கிற பொருளோடு மல்லுக்கட்டினால் அதுவே சொல்லித்தரும் என்பது கல்லூரிப் பாடம். எனக்குக் கிடைத்தது அப்பாவின் பேண்டேஜ் யூனிட்டில் மிஞ்சிய துணி. அதை மைதாப் பசையில் முக்கி, கவிழ்த்த பக்கெட் மேல் அடுக்கடுக்காக ஒட்டி, மொட்டை மாடியில் காயவைத்தேன். முதல் ஸ்டூலில் பூனை ஏறியது, ஸ்டூல் படுத்துவிட்டது. அடுத்ததை எறும்பு தின்றது. அதற்கடுத்ததில் நானே ஏறிக் குதித்தேன். அசையவில்லை!

உடனே அப்பாவிடம் பழைய ஷெட்டைப் பட்டறைக்குக் கேட்டேன்.

"ஸ்ரீவில்லிபுத்தூர் மாமா அதுல உக்காந்து எந்திரிச்சா ஷெட்டு உனக்கு. இல்லன்னா பேசாம ஆபீஸ்ல வந்து கம்ப்யூட்டரப் பாரு."

மாமா, அம்மாவின் அண்ணன், பட்டாளத்தில் இருந்தவர். உடம்பும் ஒரு பட்டாளம்.

மறுவாரமே மாமா புது வீட்டில் பால் காய்ச்சினார். முட்டி வலி, ஹோமத்துக்குத் தரையில் உட்கார முடியாது. "நம்ம ஸ்டூல் இருக்கே மாமா!" என்று முன்னால் போய் நின்றேன். தலைக்கு ஊற்றிக்கொண்டு, ஈர வேட்டியோடு வந்து அமர்ந்தார்.

பேண்டேஜ் துணியின் வேலையே ஈரத்தை உறிஞ்சுவதுதான். அந்தத் துணி போட்ட சோற்றில் வளர்ந்த எனக்கு அது அன்றைக்கு ஞாபகம் வரவில்லை. பசை இளகியது. ஐயர் மந்திரம் சொல்லச் சொல்ல, மாமா மெல்ல மெல்லக் கீழே இறங்கிக்கொண்டிருந்தார்.

"ஏட்டி, நான் குட்டையாயிட்டே வாரேனா?" என்றார் ரகசியமாக.

"அசையாம இருங்க மாமா." வேறென்ன சொல்ல? அழுகையே வந்துவிட்டது.

அதற்குள் ஹோமச் சூட்டில் பசை மறுபடி இறுகியது. எல்லாம் முடிந்து மாமா எழுந்தார். வேட்டியோடு ஸ்டூலும் எழுந்தது. வந்திருந்த கூட்டம் விழுந்து விழுந்து சிரிக்க, அத்தை கத்தரிக்கோலோடு ஓடி வந்தார்.

அப்பா என்னைப் பார்த்த பார்வையில் ஆபீஸ் கம்ப்யூட்டர் தெரிந்தது. விடுவேனா?

"உக்காந்தாரு, எந்திரிச்சாரு. ஷெட்டு சாவியக் குடுங்கப்பா!"

"குடுங்க மாப்ள, அவ சொல்லுதது சரிதான!" என்றார் மாமா, பின்னால் ஸ்டூல் ஆட.

அந்த ஷெட்தான் இன்று என் பட்டறை. தண்ணீர் ஊற்றிப் பார்க்காமல் ஒரு ஸ்டூலும் வெளியே போகாது. மாமா மட்டும் இன்னும் நம்பவில்லை. எந்த விசேஷ வீட்டில் யார் நாற்காலி போட்டாலும், "செத்த இருங்க, காஞ்சிருச்சான்னு பாக்கேன்" என்று தடவிப் பார்த்துத்தான் உட்காருகிறார். எழும்போது மறக்காமல் ஒரு தடவை பின்னால் திரும்பிப் பார்த்துக்கொள்கிறார்.