உமி பாயும் ஒரு மூட்டைக் கரியும்

வரி கட்டாமல் இருப்பதற்காக உமி பாய் பட்ட பாட்டை இந்த உலகத்தில் வேறு யாரும் பட்டிருக்க மாட்டார்கள். மற்றவர்கள் திருட்டுத்தனமாகக் கட்டாமல் இருப்பார்கள். இவர் நேர்மையாகக் கட்டாமல் இருந்தார். அதில்தான் கஷ்டமே.

ஆம்பூருக்கு வெளியே ஒரு பாய்லரை வைத்து நீராவி தயாரித்து, குழாய் வழியாகப் பக்கத்துத் தோல் ஆலைகளுக்கு விற்பது அவர் தொழில். நான் அங்கே கணக்கு எழுதினேன். ஜி.எஸ்.டி. வருவதற்கு முந்தைய காலம். ஆவியும் உற்பத்திப் பொருள்தான், எனவே கலால் வரி உண்டு என்றது இலாகா. உமி, கடலைத்தோல், விறகு என்று விளைகிற பொருளை மட்டும் எரித்தால் வரி கிடையாது என்று ஒரு சலுகையும் இருந்தது. நிலக்கரி கலந்தால் சலுகை போச்சு. வரி விழுந்தால் ஆவி விலை ஏறும். ஆலைக்காரர்கள் சொந்தமாக பாய்லர் போட்டுக்கொள்வார்கள். எங்கள் எல்லோருக்கும் வேலை போய்விடும்.

பாய் இதைப் புரிந்துகொண்ட விதமே தனி. நிலக்கரி என்ன, கருப்பாக எது இருந்தாலும் காம்பவுண்டுக்குள் விடமாட்டார். இஸ்திரிக்காரர் பெட்டியோடு கேட்டுக்கு வெளியே நிற்க வேண்டும். பாய்லருக்குத் தீ போடும் கன்னியப்பன் ஒருநாள் கரியால் பல் துலக்கியதைப் பார்த்துவிட்டார்.

"ஏன்பா, ஆபீசர் வந்து உன் வாயைப் பார்த்தா இன்னா நெனைப்பாரு?"

"பாய்லருக்குத்தானே வரி, என் பல்லுக்கு இன்னா பாய்?"

மறுநாள் அவனுக்கு வெள்ளைப் பற்பொடி வந்துவிட்டது, பாய் செலவில்.

நெமிலியிலிருந்து உமி லாரி வந்தால் உள்ளே கரி ஏதும் கலந்திருக்கிறதா என்று மூட்டை மூட்டையாகத் தோள்வரை கையை விட்டுத் துழாவுவார். தாடி, புருவம், காது மடல் எல்லாம் உமி. வீட்டம்மா அவரை வாசலிலேயே நிற்க வைத்து உதறித்தான் உள்ளே விடுவாராம்.

கடைசியில் சலுகை செல்லுமா என்று பார்க்க வேலூரிலிருந்து கலால் அதிகாரி வந்தார். வந்த நாளாகப் பார்த்து எங்கள் இடத்தில் பிரியாணி. வருஷத்துக்கு ஒருமுறை பாய்லரைக் கழுவி மறுபடி தீ மூட்டும்போது தொழிலாளிகளுக்கு பாய் போடும் விருந்து அது. அதிகாரி பாய்லரைப் பார்த்தார், சாம்பலைப் பார்த்தார், உமிக் குவியலைச் சுற்றி வந்தார். எல்லாம் சரி. திரும்பும்போது ஷெட்டுக்குப் பின்னால் ஒரு சாக்கு மூட்டை கண்ணில் பட்டது. பிரித்தார். உள்ளே கரி.

நாங்கள் ஆடிப்போனோம். பாய்க்கு முகமே வெளுத்துவிட்டது. யாரும் எதுவும் கேட்பதற்கு முன்பே இரண்டு கையையும் நீட்டிவிட்டார்.

"புடிச்சிட்டீங்க சார். என் இடத்துல கரி இருந்தா என் தப்புதான். வரி போட்டுடுங்க. புள்ளைங்க வேலைக்கு மட்டும் ஏதாவது வழி பண்ணுங்க."

பிரியாணி ஆக்க வந்திருந்த பண்டாரி அலறிக்கொண்டு ஓடி வந்தார். "அய்யோ பாய், அது நான் கொண்டாந்தது! உமியில ஏது தணல்? மூடி மேல தணல் போடாம தம் எப்படி வைக்கிறது?"

அதிகாரி ஒரு துண்டை எடுத்து முகர்ந்தார். "பாய், இது அடுப்புக்கரி. மரத்தைச் சுட்டது. நிலக்கரியே இல்லை."

"கருப்பா இருக்குதே சார்?"

"கருப்பா இருந்தா வரியா? என் செருப்பும்தான் கருப்பு!"

"அதெல்லாம் வாணாம் சார். இது பாய்லருக்குப் போகலேன்னு நீங்களே கண்ணால பார்த்துட்டுப் போங்க."

வரி போட வந்த மனிதர், வரி வேண்டாம் என்று வாதாட வேண்டியதாயிற்று. பாய் விடவில்லை. ஒரு நாற்காலியை பிரியாணி தேக்சாவுக்கு எதிரில் போட்டு அவரை உட்கார வைத்துவிட்டார். கரி தணலானது, தணல் மூடிமேல் ஏறியது. தம் உடைத்தபோது கிளம்பிய வாசனையில் பக்கத்து ஆலைக்காரர்களே எட்டிப் பார்த்தார்கள். காலையிலிருந்து பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்காத அதிகாரி எச்சில் விழுங்கியதை நான் பார்த்தேன்.

நான் ஒரு தட்டை எடுத்தேன். பாய் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"வாணாம் தம்பி. ஒரு வாய் சாப்பிட்டாலும், சோத்தைத் தின்னுட்டு சலுகை குடுத்துட்டாருன்னு நாளைக்கு அவரைத்தான் பேசுவாங்க."

அதிகாரி சிரித்தபடியே ஜீப்பில் ஏறினார்.

சில வாரம் கழித்து, சலுகை செல்லும் என்று உத்தரவு வந்தது. கன்னியப்பன் குதித்தான், சேதி கேட்டு ஓடிவந்த பண்டாரி அழுதார், ஆளாளுக்குக் கட்டிப்பிடித்துக்கொண்டோம். பாயை மட்டும் காணோம். தேடிப் போனால் பாய்லர் பக்கத்தில் தனியாக உட்கார்ந்திருந்தார்.

"இன்னா பாய், ஜெயிச்சிட்டோமே?"

"ஜெயிச்சோம் தம்பி. அந்த ஆளு வேற ஊருக்கு மாத்தலாகிப் போய்ட்டாராம். நம்ம ஊருக்கு வந்தவரைப் பசியோட அனுப்பிட்டேனே, இனிமே எங்கே போய் சோறு போடறது?"

அதற்குப் பிறகு பக்கத்து ஆலையில் ஜாஸ்தி சம்பளத்துக்குக் கூப்பிட்டார்கள். நான் போகவில்லை. அப்படி வருத்தப்படுகிற ஒரு மனிதரை விட்டுவிட்டு எங்கே போவது?