பேர் சொல்லேலாத பதிப்பகத்தாருக்கு நன்றி

நான் மாங்குளத்தில் ஆங்கிலம் படிப்பிக்கிறேன். ஒரேயொரு பக்க ஆங்கிலத்தை வாசிக்காமல் விட்டுத்தான் ஊர் சிரிக்க நின்றேன் என்பதை முதலிலேயே ஒப்புக்கொள்கிறேன்.

மேசையைச் சுற்றி இருந்து, தாயக்கட்டை உருட்டி, ஆளுக்கொரு பாத்திரமாகக் கதை வளர்க்கும் விளையாட்டு ஒன்று இருக்கிறது. வெளிநாட்டுப் பதிப்பகம் ஒன்று அதன் விதிகளை யாரும் எடுத்து எழுதலாம் என்று திறந்த உரிமத்தில் விட்டிருந்தது. குளக்கட்டைக் காப்பதும் யானை விரட்டுவதுமாக வன்னிக்கென்று ஒரு விளையாட்டுப் புத்தகம் எழுதி, எழுத்தாளர் என்று பெயர் எடுப்பதென முடிவு கட்டினேன். (போட்டிக்கு ஒருவரும் இல்லை. அது ஏனென்றுகூட நான் யோசிக்கவில்லை.)

என் மனைவி சுகந்திக்கு அலுவலகத்தில் படிவம் பார்க்கும் வேலை. அடிக்குறிப்பைக்கூட விடமாட்டாள்.

“இஞ்சருங்கோ, அந்த உரிமப் பக்கத்தை வாசிச்சனீங்களோ?”

“ஓமப்பா. எடுக்கலாம் எண்டு போட்டிருக்கு. பிறகென்ன?”

“அதுக்குக் கீழயும் ஏதோ கிடக்குது.”

“எனக்கே இங்கிலீசு படிப்பிக்கிறீரோ?”

எங்கள் ஊர்ப்பக்கத்தில் விழாவுக்குக் கதிரை இரவல் தந்தவரின் பெயரை நன்றியுரையில் விட்டாலே அடுத்த விசேஷத்துக்கு அவர் வரமாட்டார். அந்தப் புத்தியோடு, அட்டையில் பதிப்பகத்தின் பெயரைப் பெரிதாகப் போட்டு, “நல்லாசியுடன்” என்றும் அச்சிட்டேன். உள்ளே விதிக்கு விதி அவர்களுடைய புத்தகத் தலைப்பும் பக்க எண்ணும். உரிமப் பக்கத்தை மட்டும் தூக்கிவிட்டேன்; அந்த இடத்தில் என் படம் வரவேண்டியிருந்தது. (கோட் இரவல்.) பிறகு அட்டையைப் படம் பிடித்து, வெளியீட்டு விழாவுக்குச் சிறப்பு விருந்தினராக வரும்படி அந்தப் பதிப்பகத்துக்கே மின்னஞ்சல் அனுப்பினேன். கள்ளன் பொலிசுக்கு அழைப்பிதழ் வைத்த மாதிரி.

விழாவுக்கு முதல்நாள் காலை பதில் வந்தது. மிகவும் மரியாதையான பதில். விதிகளை எடுத்தது சந்தோசம். ஆனால் எங்கள் பெயரையும் தலைப்புகளையும் அனுமதியில்லாமல் போடக்கூடாது, உரிமப் பக்கத்தை அப்படியே சேர்க்கவேண்டும், திருத்தாமல் ஒரு பிரதியும் வெளியே போகக்கூடாது. அவர்களுடைய பெயர் வரவேண்டிய ஒரே இடம் நான் தூக்கியெறிந்த அந்தப் பக்கம்தான்.

விழாவை நிறுத்தினால் பள்ளிக்கூடத்தில் தலைகாட்ட முடியாது. அழுதேன், அதையும் சொல்லிவிடுகிறேன். சுகந்தி ஒரு பெட்டி கறுப்பு மாக்கர் பேனை வாங்கி வந்தாள். நூறு பிரதிகளிலும் பெயர்களை அழித்து, என் படத்தின் மேல் உரிமப் பக்கத்தை ஒட்டினோம். என் முகத்தில் பசை தடவும்போது அவள் கொஞ்சம் அழுத்தியே தடவினாள்.

தலைமை தாங்கிய, எங்கள் பள்ளிக்கூடத்து ஓய்வுபெற்ற அதிபர் மேடையில் புத்தகத்தைப் பிரித்தார். பக்கத்துக்குப் பக்கம் கறுப்புக் கோடு.

“தம்பி, இதில என்ன எழுதிக் கிடந்தது?”

“அது சொல்லக்கூடாது சேர்.”

அதோடு விட்டிருக்கலாம். ஆனால் நன்றியுரை என்று ஒன்று இருந்தது. ஒருவரின் உதவியையும் மறக்காத உத்தமன் நான் ஒலிவாங்கியைப் பிடித்தேன். “இதுக்கெல்லாம் பின்னால நிண்டு உதவின, பேர் சொல்லேலாத வெளிநாட்டு அமைப்புக்கும் நன்றி.”

போர் முடிந்தும் புலனாய்வுக்காரர் காதுகொடுத்துத் திரியும் வன்னியில், அதுவும் ஒலிவாங்கியில், மூளையுள்ள எவனும் இப்படி ஒரு வசனத்தைச் சொல்லமாட்டான். பேர் சொல்லேலாத அமைப்பு என்றால் இங்கே தடைசெய்த இயக்கம் என்றுதான் அர்த்தம். அதிபர் புத்தகத்தைக் கதிரையில் வைத்துவிட்டுத் தண்ணீர் குடிக்கப் போனார். பிறகு அவருடைய மோட்டார் சைக்கிள் சத்தம்தான் கேட்டது. முன்வரிசை எழும்பியது, பின்வரிசை முந்தியது. கதிரைக்கு ஒன்றாகப் புத்தகங்கள் மிஞ்சின. சுகந்தியையும் ஒலிபெருக்கிக்காரரையும் தவிர ஒருவரும் இல்லை. அவருக்கு வயர் சுற்றவேண்டியிருந்தது.

இப்போதும் அயலிலிருந்து கறி வந்தால், யார் தந்தது என்று நான் கேட்பேன்.

“பேர் சொல்ல அனுமதியில்லை. நன்றி மட்டும் சொல்லிப்போட்டுச் சாப்பிடுங்கோ” என்பாள் சுகந்தி.

போன மாதம் அவளுடைய தங்கையின் கலியாண அழைப்பிதழ் வந்தது. சித்தப்பா, பெரியப்பா, மாமா, மச்சான் என்று உறவு முழுக்க வரிசையாக அச்சிட்டிருந்தார்கள். எங்கள் வீட்டுக்கு வந்த பிரதியில், மூத்த மருமகனான என் பெயர் இருந்த இடத்தில் கறுப்பு மாக்கர்.