அடுத்த ஐந்தாண்டில் சரிக்கட்டுபவர்

சரிக்கட்டுபவர் என்று ஓர் இனம் உண்டு. நீங்கள் அவரைப் பார்த்திருக்க மாட்டீர்கள். ஆனால் விமானம் ஏறிய ஒவ்வொரு முறையும் அவர் சொல்படி பணம் கட்டியிருக்கிறீர்கள். பயணச்சீட்டின் அடியில் 'பயணிகள் கட்டணம்' என்று ஒரு வரி இருக்கிறதே, அது எவ்வளவுக்கு மேல் போகக்கூடாது என்று ஐந்தாண்டுக்கு ஒருமுறை உத்தரவு போடுபவர் அவர்தான்.

எப்படிப் போடுகிறார்? விமான நிலையத்தார் வந்து, இனிமேல் கூட்டமே வராது என்று கண்ணைக் கசக்குவார்கள். ஆள் குறைந்தால்தானே தலைக்குக் கட்டணம் கூடும்? விமான நிறுவனத்தார் வந்து, கூட்டம் அலைமோதப் போகிறது என்று சத்தியம் செய்வார்கள். இவர் இரு தரப்பையும் கேட்டு, மூக்குக் கண்ணாடியைத் துடைத்து, நானூறு பக்கம் எழுதி, நடுவில் ஒரு கோடு கிழிப்பார். கணிப்பு தப்பினால்? தப்பும். அதற்கும் ஒரு மந்திரம் வைத்திருக்கிறார்: "விட்டதை அடுத்த அஞ்சு வருஷத்துல சரிக்கட்டிக்கலாம்."

இந்த இனத்தில் எனக்கு நன்றாகத் தெரிந்தவர் என் அப்பா.

அம்மாவுக்கு ஒரே ஆசை. விமானம் ஏறி வந்து, தொலைவில் இருக்கும் என் வீட்டு அடுப்படியை ஒருமுறை பார்க்க வேண்டும்.

"இப்ப வேணாம். அடுத்த உத்தரவுல கட்டணம் இறங்கும்" என்றார் அப்பா.

"உத்தரவு போடறதே நீங்கதானே?"

"அதனாலதான் சொல்றேன்."

உத்தரவு வந்தது. கட்டணம் ஏறியிருந்தது. போன ஐந்தாண்டில் ஆள் குறைந்து விமான நிலையத்துக்கு வராமல் விட்டுப்போன தொகையை இதில் ஏற்றியிருந்தார். கீழே அவர் கையெழுத்து.

"சரி, அடுத்த தடவை" என்றார்.

"அதுவரைக்கும் நான் இருப்பேன்னு எந்தப் பக்கத்துல போட்டிருக்கீங்க?" என்றாள் அம்மா.

போன மாதம் அம்மா இறந்துவிட்டாள். விமானம் ஏறி வந்தது நான். துக்கத்துக்கு வந்தவர்கள் கலைந்த பிறகு, அப்பா என் பயணச்சீட்டைக் கேட்டு வாங்கி, அந்த வரியை விரலால் தடவினார்.

"வரம்புக்குள்ளதான் போட்டிருக்கான்" என்றார். அப்புறம் வெகுநேரம் அந்தத் தாளை மடிப்பதும் பிரிப்பதுமாக இருந்தார்.

சிரித்துக்கொள்ளுங்கள். ஆனால் இந்த இனத்தில் சேர அரசாங்க நியமனம் வேண்டியதில்லை. நான் கிளம்பும்போது, "மறுபடி எப்ப வருவே?" என்று அப்பா கேட்டார்.

"இந்தத் தடவை லீவு இல்லப்பா. அடுத்த தடவை சேர்த்துப் பத்து நாள் இருக்கேன்."

யாரும் எனக்குச் சொல்லிக்கொடுக்கவில்லை. தானாக வந்தது.

நீங்கள் எப்படி? போன வாரம் ஓர் அழைப்பு வந்தபோது, ஞாயிற்றுக்கிழமை நிதானமாகப் பேசிக்கொள்ளலாம் என்று எடுக்காமல் விட்டீர்களே, அது யாருடையது?