யானைவெடி அண்ணையின் இரண்டு குளிசைகள்

ஒட்டுசுட்டான் பக்கத்து யானைகள் இந்த உலகத்தில் ஒரேயொரு மனிதருக்குத்தான் வழிவிடும். அவர் யானைவெடி அண்ணை. பெற்றோர் வைத்த பெயர் அவருக்கே சட்டென்று ஞாபகம் வராது.

வயலில் யானை இறங்கினால் ஊரே வீட்டுக்குள் ஓடும். அவர் மட்டும் சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு எதிரே போவார். கையில் வெடி இருந்தாலும் முதலில் கதைதான். “போனமுறை சொன்னது விளங்கேல்லையோ? திரும்பிப் போ” என்பார். யானை போகும். அடுத்த வளவில் இருக்கும் நான் கண்ணால் கண்டவன். யானை போகாத நாட்களைப் பற்றி அவர் கதைப்பதில்லை.

ஒருநாள் காலை அவருக்கு மூக்கால் வந்த இரத்தம் நிற்கவில்லை. மனைவி சரசு அக்கா அழுதுகொண்டு கூப்பிட, நான்தான் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனேன். பிரசர் பார்த்த தாதி, இயந்திரம் பழுது என்று நினைத்து வேறொன்றைக் கொண்டுவந்தார். அதுவும் அதையே சொன்னது.

டொக்டர் மெலிந்த, அமைதியான பெண். ஒரு குளிசை எழுதினார். அடுத்த கிளினிக்கில் பிரசர் கொஞ்சம்தான் இறங்கியிருந்தது. இன்னொன்றையும் சேர்த்தார். அண்ணைக்கு ரோசம் வந்துவிட்டது.

“எனக்கு ஒரு வருத்தம்தானே பிள்ளை. ஏன் ரெண்டு குளிசை?”

“ஒண்டின்ர அளவையே கூட்டிக்கொண்டு போனால் உங்களுக்குத்தான் கரைச்சல் ஐயா. ரெண்டையும் அளவாப் போட்டால் பிரசர் நல்லா இறங்கும். புதுசாத் தாறது கிட்னியையும் காக்கும். உங்கட சலத்தில புரதம் போகத் தொடங்கியிட்டுது.”

“எனக்கொரு நோவும் இல்லையே.”

“கிட்னி நோகாது. தெரியவரேக்க கனக்கப் பழுதாப் போயிருக்கும்.”

அண்ணை மருந்துத் துண்டை வாங்கிக்கொண்டு எழும்பினார். வெளியே வந்ததும் என்னிடம் சொன்னார்.

“சத்தம் போட்டு வாற யானைக்கு எனக்குப் பயமில்லை தம்பி. சத்தமில்லாமல் வாறதுதான் ஆளைக் கொல்லும். ரெண்டையும் போடுவம்.”

போட்டார். சில கிழமைகளில் வறட்டு இருமல் பிடித்துக்கொண்டது. ஒரு மாலை, பொழுதுபடும் நேரம், வயல் கரையில் அவர் பதுங்கியிருக்க, நான் பின்னால் வரம்பில் நின்றேன். காட்டோரம் வந்த தனியன் யானை எங்களைக் காணாமல் காட்டுக்கே திரும்ப வெளிக்கிட்டது. அந்த நேரம் பார்த்து அண்ணைக்கு இருமல். யானை செவியை விரித்துக்கொண்டு நேரே வந்தது. என் கால்கள் என்னைக் கேட்காமலே ஓடின. திரும்பிப் பார்த்தால், அவர் அசையாமல் நிற்கிறார். கதைக்க முடியவில்லை. ஓர் இருமலுக்கும் அடுத்ததற்கும் இடையில் வெடியைக் கொளுத்தி எறிந்தார். யானை நின்றது, யோசித்தது, திரும்பியது.

மிச்ச இருமலையும் இருமி முடித்துவிட்டுச் சொன்னார்: “உந்தக் குளிசை ஆளைக் காட்டிக் குடுக்குது.”

டொக்டரிடமும் அதையே முறையிட்டார்.

“அப்ப நிப்பாட்டிப் போட்டீங்களோ?”

“நீங்கள் சொல்லாமல் எப்பிடி நிப்பாட்டுறது?”

டொக்டர் சிரித்துவிட்டார். சிலருக்கு அந்தக் குளிசை இப்படி இருமல் தரும் என்று சொல்லி, அதே வேலை செய்யும் வேறொன்றை எழுதினார். இருமல் போனது. பிரசர் இறங்கியது. புரதம் போவதும் குறைந்தது.

யானைக்கு முன்னால் நிற்பது ஒரு கண நேரத் துணிவு. நோவே தராத ஒன்றுக்காகக் காலைதோறும் விடாமல் குளிசை போடுகிறாரே, அதைப் பார்த்துத்தான் நான் இன்றும் மலைக்கிறேன்.

கிளினிக்குக்குப் போகிற பஸ் எங்கள் வாசலிலேயே நிற்கும். இருந்தும் அவரை என் மோட்டார் சைக்கிளில்தான் ஏற்றிப் போகிறேன். பஸ்ஸில் போகலாமே என்று அவரும் சொல்வதில்லை, நானும் சொல்வதில்லை.