சாப்பிட்டுவிட்டுப் போன ஆராய்ச்சி

திருக்கோகர்ணம்,
18-2-1958

அன்பு மைத்துனன், சென்னைப் பட்டணத்து டாக்டர், சிரஞ்சீவி தங்கமுத்துவுக்கு உன் அக்காள் புருஷன் ஆத்மநாதன் அநேக ஆசீர்வாதங்களுடன் எழுதிக்கொண்டது. அரைக்காசம்மன் கிருபையால் இங்கே நானும் உன் அக்காள் அமிர்தவல்லியும் பரம சௌக்கியம். உன் சௌக்கியத்துக்கும் ஒரு வரி போடவும்.

நிற்க. உன் பெரிய டாக்டரும் அவருடைய பரிவாரமும் போன வாரம் ஜீப்பில் வந்து இறங்கினார்கள், ஆராய்ந்தார்கள், சாப்பிட்டார்கள், போனார்கள். போன வருஷம் ஊரையே படுக்கப் போட்ட ஃப்ளூ காய்ச்சல், தணிந்த பிறகும் சிலரை மட்டும் விடாமல், தீராத உடம்பு வலியும் அசதியுமாக ஏன் வாட்டுகிறது என்று கண்டுபிடிக்கத்தான் இந்த ஆராய்ச்சி என்று எழுதியிருந்தாய். அக்காளுக்காகவே நம் ஊரையும் சேர்க்கச் சொல்லிப் பெரிய டாக்டரிடம் கெஞ்சியதாகவும், அவர் பார்த்துப் பொறுக்கும் நோயாளிகளைப் பட்டணத்துக்கு அழைத்துப் போய் ரத்தம், நரம்பு, சதை எல்லாவற்றையும் சோதித்து வைத்தியம் செய்வார்கள் என்றும் எழுதியிருந்தாய். அந்தக் காகிதத்தை உன் அக்காள் எத்தனை முறை படிக்கச் சொல்லிக் கேட்டாள் என்பது எனக்குத்தான் தெரியும்.

இத்தனைக்கும் நம் பக்கத்தில் ஆராய்ச்சிக்குப் பஞ்சமே இல்லை. குளத்தூர் வைத்தியர் கையைத் தொட்ட மாத்திரத்தில் இது வாயு என்று கண்டுபிடித்துவிட்டார். அவருடைய சூரணத்தைச் சாப்பிட்டதில் அசதியோடு வயிற்றுப்போக்கும் சேர்ந்து, அசதிக்குக் காரணம் இருக்கிறது என்ற திருப்தியாவது சில நாள் கிடைத்தது. அடுத்து ஒரு இங்கிலீஷ் வைத்தியர், சட்டையில் மடிப்புக் கலையாத மனிதர், "ஒடம்புல ஒண்ணும் இல்ல, எல்லாம் மனசுதான். புள்ள இல்லாத ஏக்கம்" என்று அவள் முகத்துக்கு நேரேயே சொல்லிவிட்டு, மனசுக்கு மருந்தாக முழங்காலில் தேய்க்கத் தைலம் எழுதிக் கொடுத்தார். பக்கத்து வீட்டு மூக்காயி மட்டும்தான் கொஞ்சம் யோசித்துப் பேசினாள். "தொலஞ்ச சாமான் கெடைக்கணும்னா அரைக்காசம்மனுக்கு வெல்லம் வச்சு வேண்டிக்கிறோம்ல? ஒன் தெம்பும் தொலஞ்சுதானே போச்சு, வச்சுப் பாரு ஆத்தா" என்றாள். வைத்தோம். வெல்லத்தை எறும்பு சாப்பிட்டது. எறும்பு நல்ல தெம்பாக இருக்கிறது.

இப்படி இருக்கையில் உன் ஆட்கள் வந்தார்கள். சத்திரத்தில் பெஞ்சு போட்டு ஊர்க்காரர்களைப் பார்த்துவிட்டு, நம் தங்கமுத்துவின் அக்காள் ஆயிற்றே என்று பெரிய டாக்டர் வீட்டுக்கே வந்து பார்ப்பதாகச் சொல்லியனுப்பினார். அங்கேதான் சனி பிடித்தது. ரெண்டு குடம் தண்ணீர் இறைத்தால் உட்கார்ந்துவிடுகிறவள், தலை பின்னக் கையைத் தூக்கினால் பாதிப் பின்னலில் கை கீழே இறங்கிவிடுகிறவள், விடியுமுன் எழுந்து அம்மியில் மசாலா அரைக்கிறாள். "என்னடி செய்யிறே?" என்றேன். "தம்பியோட மேலதிகாரி நம்ம வீட்டுக்கு வந்துட்டு வெறும் வயித்தோட போறதா? அவன் மானம் என்னாகுறது?" என்றாள். ஓட்டலில் வாங்கி வருகிறேன் என்றேன். "அக்கா வீட்டுல ஓட்டல் சோறு போட்டாகன்னு பட்டணத்துல போயிச் சொல்லவா? அங்கிட்டுப் போயி எலை நறுக்குங்க" என்று என்னை விரட்டிவிட்டாள். நாட்டுக்கோழிக் குழம்பு, வறுவல், ரசம், இடியாப்பத்துக்குத் தேங்காய்ப்பால். முகம் கழுவி, கல்யாணப் பட்டுச் சேலையைக் கட்டி, மூக்காயியைவிட்டுத் தலை பின்னச் சொல்லிப் பூவும் வைத்துக்கொண்டு நின்றாள். பார்த்தால் எனக்கே நோய் மறந்துபோயிற்று.

டாக்டர் சாப்பிட்டு, கை கழுவி, ஏப்பம் விட்டு, பேனாவைத் திறந்து ஆராய்ச்சியை ஆரம்பித்தார். அவர் கேட்ட முதல் விஞ்ஞானக் கேள்வி, "நல்லா இருக்கீங்களாம்மா?" வீட்டுக்கு வந்த மனுஷர் நல்லா இருக்கீங்களா என்று கேட்டால் நம் பக்கத்துப் பொம்பளை என்ன பதில் சொல்லுவாள் என்பதைப் பட்டணத்துக் காலேஜில் சொல்லித் தரவில்லை போலிருக்கிறது. சாகக் கிடந்தாலும் சொல்லுகிற பதிலைத்தான் இவளும் சொன்னாள்: "ஒரு கொறையுமில்லைங்க, நல்லா இருக்கோம். நீங்க நல்லா இருக்கீங்களா?" தானும் நலம் என்றார். இரு தரப்பும் நலம் என்று ஆராய்ச்சி முடிந்தது. "இல்லைங்க, இவளால கையத் தூக்க முடியலைங்க, ராத்திரியெல்லாம் முனகுறாளுங்க" என்று நான் குறுக்கே விழுந்தால், உன் அக்காள் என்னைப் பார்த்த பார்வையில் மிச்சத்தை விட்டுவிட்டு வெற்றிலைத் தட்டை எடுத்து நீட்டினேன். டாக்டர் சிரித்தார். "உங்களுக்குப் பெண்சாதி மேல ரொம்பப் பிரியம். இப்படிக் குழம்பு வைக்கிற கைக்கா வலி?" என்று சொல்லி, வறுவலில் மிச்சம் இருக்கிறதா என்றும் விசாரித்தார். அமிர்தவல்லி ஆரோக்கியம் என்று எழுதிக்கொண்டு போனார்.

சரி, பட்டணத்துக்குப் போக நோயாளியாகத் தேறினவர் யார் தெரியுமா? ரைஸ் மில் மலையாண்டி! காய்ச்சல் அடித்த காலத்தில் அந்த மனிதருக்குத் தும்மல்கூட வரவில்லை. பிறந்தது முதல் சாய்வு நாற்காலியைவிட்டு எழுந்திருக்காத அசதியைத் தவிர அவருக்கு வேறு அசதி கிடையாது. சத்திரத்து பெஞ்சில் நீட்டிப் படுத்துக்கொண்டு, "எந்திரிக்கவே முடியலைங்க, எலும்பெல்லாம் கடையிதுங்க" என்று வாய்விட்டுச் சொன்னார். சொல்லத் தெரிந்திருக்கிறது, தேறிவிட்டார். இப்போது புதுப் பெட்டி வாங்கி வைத்துக்கொண்டு, ஆஸ்பத்திரிக்குப் பக்கத்தில்தான் உயிர் காலேஜ் இருக்கிறதா, புலி பார்க்க என்ன கட்டணம் என்று என்னிடம் விசாரிக்கிறார். அவர் ரத்தத்தைச் சோதித்துத் தீராத அசதிக்குக் காரணம் நெய் என்று உங்கள் ஆட்கள் கண்டுபிடித்து உலகத்துக்கே அறிவிக்கட்டும். நாங்களும் கைதட்டுகிறோம்.

ஆகையால் மாப்பிள்ளை, உங்கள் ஆராய்ச்சிக்கு எங்கள் கும்பிடு. இனிமேல் யாரையும் அனுப்ப வேண்டாம், நீயும் யாரிடமும் கெஞ்ச வேண்டாம். நாங்கள் ஆரோக்கியமானவர்கள் என்று பெரிய டாக்டரே எழுதிவிட்ட பிறகு அவரை மறுத்துப் பேச நாம் யார்? உனக்குச் சகல பாக்கியமும் கிடைத்து, நீயாவது கேட்கத் தெரிந்த டாக்டராக வளர வேண்டுமென்று அம்மனை வேண்டிக்கொள்ளும்,

உன் அத்தான்,
ஆத்மநாதன்

பின்குறிப்பு: தபாலில் போடுமுன் உன் அக்காளுக்கு இதைப் படித்துக் காட்டினேன். படுத்தபடியே கேட்டாள். டாக்டர் போன அன்று படுத்தவள், இன்னும் சுவரைப் பிடிக்காமல் எழுந்திருக்கவில்லை. "இதையெல்லாம் எழுதுனா தம்பி மனசு கஷ்டப்படும். நல்லா இருக்கோம்னு மட்டும் எழுதுங்க" என்று சொல்லிச் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாள். அப்புறம்தான் பார்க்கிறேன், அவள் சொல்லாமலேயே நானும் அதைத்தான் முதலில் எழுதியிருக்கிறேன். பரம சௌக்கியம் என்ற அந்த வரியை அடித்துவிடு. யாரையும் அனுப்ப வேண்டாம் என்று எழுதியதையும் அடித்துவிடு. எனக்குப் பயமாக இருக்கிறது தம்பி. கிடைக்கிற ரயிலில் புறப்பட்டு வா, பெரிய டாக்டரையும் எப்படியாவது கையோடு அழைத்து வா. இந்தத் தடவை சமையல் என்னுடையது. அதைச் சாப்பிட்ட பிறகு இந்த வீட்டில் எல்லோரும் நலம் என்று எந்த டாக்டராலும் எழுத முடியாது.