மர்சலின் டீச்சரின் டிங்கரிங்

மர்சலின் டீச்சரின் கட்டைவிரல் ஜீப்புக்குள் போய்விட்டது.

கதவுக்குக் கீழே துவரம்பருப்பு அளவுக்கு ஒரு துருக் கொப்புளம். லேசாக அழுத்திப் பார்க்கலாம் என்றுதான் விரலை வைத்தார். தகரம் அப்பளம் மாதிரி நொறுங்கி, விரல் மறுபக்கம் எட்டிப் பார்த்தது.

"ஏங்க, கொஞ்சம் இங்க வாங்க." முப்பத்து மூன்று வருடம் கணக்குப் பாடம் நடத்தியவர். பதற்றத்தை வெளியே காட்டிப் பழக்கமில்லை.

அவருடைய கணவர் அல்போன்ஸ், காபி டம்ளரோடு வந்து குனிந்து பார்த்தார். "உள்ள என்ன தேடற?"

"தேங்காய் எண்ணெய் எடுத்துட்டு வாங்க. விரல் மாட்டிக்கிச்சு."

ஜீப் டீச்சருடைய அப்பா வாங்கியது. வயது நாற்பதைத் தாண்டிவிட்டது. என்ஜினுக்கு ஒரு குறையும் இல்லை. சாவியைத் திருப்பினால் இன்றைக்கும் தெரு அதிரும். உடம்பைத்தான் சாந்தோம் உப்புக்காற்று கொஞ்சம் கொஞ்சமாகத் தின்றுகொண்டிருந்தது.

முந்தின வாரம் கிறிஸ்துமஸ் விருந்தன்று டீச்சரின் தம்பி ரொனால்ட், மொத்தச் சொந்தக்காரர்கள் எதிரிலும் ஆரம்பித்து வைத்திருந்தான். "அக்கா, இதப் பழைய இரும்புக்குப் போட்டுட்டு அந்த இடத்துல நாலு செடி வை. பாக்க அசிங்கமா இருக்கு."

டீச்சர் கேக் வெட்டுவதை நிறுத்தினார். "பிப்ரவரில அடையாறுல பழைய வண்டிக் கண்காட்சி நடக்குதுல்ல? அதுக்கு இந்த வண்டிய நானே சரிபண்ணி ஓட்டிட்டு வர்றேன். வரலன்னா நீயே லாரி கொண்டாந்து தூக்கிட்டுப் போ."

அந்த 'நானே'வுக்குக் கொடுத்த அழுத்தத்தில் கேக் இரண்டாகிவிட்டது.

தேங்காய் எண்ணெய் தயவில் விரல் வெளியே வந்ததும், ஓட்டையைச் சுற்றியுள்ள துருவை உப்புத்தாளால் தேய்க்க ஆரம்பித்தார். தேய்க்கத் தேய்க்க, ஐந்து ரூபாய் நாணயம் அளவு இருந்தது டபரா ஆயிற்று. டபரா சாப்பாட்டுத் தட்டாயிற்று.

"துருவையெல்லாம் வெட்டி எடுத்துட்டு புதுத் தகரம் வெச்சாத்தான் ஆகும்" என்றார் டீச்சர். "நாளைக்குக் காலைல கிரைண்டர் வருது."

மறுநாள் காலை வெட்டுகிற கிரைண்டரோடு ஜீப்பருகே நின்ற மனைவியைப் பார்த்து அல்போன்ஸ் திகைத்தார். "இந்தக் கிரைண்டரா? நான் இட்லிக்கு அரிசி ஊறப் போட்டுட்டேனே!"

தீப்பொறி கொடியில் காய்ந்த லுங்கி வரை பறந்தது. அல்போன்ஸ் லுங்கியை வெளிச்சத்தில் பிடித்து எண்ணினார். "ஏழு பொத்தல். பரவாயில்ல, ஜீப்பவிடக் கம்மிதான்."

டீச்சர் புதுத் தகரத்தை ஸ்கேல் வைத்து அளந்து வெட்டினார். வரிசையாக இருபத்திரண்டு ரிவெட் ஆணி அடித்தார். ஒன்றுக்கொன்று இடைவெளி மயிரிழை பிசகவில்லை. தள்ளி நின்று பார்த்தபோது, நூற்றுக்கு நூறு வாங்கிய விடைத்தாளைப் பார்க்கிற மகிழ்ச்சி.

"அழகா இருக்கு மர்சி" என்றார் அல்போன்ஸ். "கதவத் திற, உள்பக்கத்தையும் பாப்போம்."

கதவு திறக்கவில்லை. கதவையும் வண்டியின் உடம்பையும் சேர்த்து ரிவெட் அடித்திருந்தார்.

மறுபக்கமாக ஏறி, உள்ளிருந்து காலால் ஓர் உதை விட்டார். கதவு அசையவில்லை. உதைத்த வேகத்தில் மற்றொரு கால் வண்டியின் தரையைத் துளைத்துக்கொண்டு இறங்கியது. டிரைவர் சீட்டில் உட்கார்ந்தபடியே டீச்சர் சிமென்டுத் தரையில் ஒற்றைக் காலை ஊன்றியிருந்தார்.

அன்று மாலை அல்போன்ஸ், மனைவிக்குத் தெரியாமல், ஈக்காட்டுத்தாங்கலில் டிங்கரிங் பட்டறை வைத்திருக்கும் இனாயத்துக்கு போன் போட்டார்.

இனாயத் வந்து வண்டியை ஒரு சுற்றுச் சுற்றினார். குனிந்தார். நிமிர்ந்தார். கைக்குட்டையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"இன்னா சார் இது? ஆக்சிடென்ட் ஆன வண்டியா?"

"நான் சரிபண்ணின வண்டி" என்று பின்னாலிருந்து குரல் வந்தது.

இனாயத் கைக்குட்டையை மடித்துப் பையில் வைத்தார். "சூப்பரா கீது மேடம். ஆனா ஒண்ணு, கதவுன்னா தொறக்கணும். பட்டறைக்கு அனுப்பு மேடம், நாலே நாள்ல புதுசாக்கிக் குடுத்துடறேன்."

"வேணாம். வாத்தியாரா இருந்துட்டு அடுத்தவங்கள வெச்சுப் பரீட்சை எழுதச் சொல்றீங்களா?"

"அப்ப இத்த மட்டுமாவது கேளு மேடம். துருவ சுத்தமா எடுத்துட்டு, முதல்ல ப்ரைமர் அடி. அப்புறமா பெயின்ட். கடல் பக்கத்துல கீறீங்கோ, ப்ரைமர மட்டும் விட்டுடாதீங்கோ."

டீச்சர் கம்பீரமாகத் தலையாட்டினார். அடுத்த ஐந்து வாரம் வேறு நினைப்பே இல்லை. இருபத்திரண்டு ரிவெட்டையும் பிடுங்கி, கதவை விடுவித்து, மறுபடி அடித்தார். தரைக்குப் புதுத் தகரம் போட்டார். நகத்தடியில் கறுப்பு ஏறியது. மாதா கோயிலில் சமாதானம் சொல்லிக் கை குலுக்கிய பெண்கள் உள்ளங்கையின் காய்ப்பைப் பார்த்துப் பயந்தார்கள். டீச்சருக்கு அது பதக்கம் குத்தியது போலிருந்தது.

கண்காட்சிக்குப் பத்து நாள்தான் இருந்தது. ப்ரைமர் காய நேரமில்லை என்று நேராகவே பச்சை பெயின்ட்டைப் பிரஷ்ஷால் பூசினார். ஈரம் காய்வதற்குள் கடற்கரைக் காற்று ஒருபடி மணலைக் கொண்டுவந்து ஒட்டியது. மணலைத் தேய்த்து எடுத்தால் பெயின்ட்டும் திட்டுத் திட்டாகக் கூடவே வந்தது. இன்னொரு பூச்சு பூசினார். அது வேறு பச்சை. நாலாம் நாள் ரிவெட் தலைகளைச் சுற்றிப் பழுப்பு நிறம் கசியத் தொடங்கிற்று.

அல்போன்ஸ் வாயைத் திறக்கப் போனார்.

"ஒண்ணும் சொல்லாதீங்க" என்றார் டீச்சர். "கதவு திறக்குது. தரை தாங்குது. ஓட்டிட்டுப் போறேன்."

ஓட்டிக்கொண்டுதான் போனார். சாந்தோமிலிருந்து அடையாறு வரை, முதுகு நிமிர்த்தி, காட்டன் புடவையில். சிக்னலில் நின்றபோது பஸ் ஜன்னல்களிலிருந்து எல்லோரும் பார்த்தார்கள். வண்டியில் ஒரு பாகம்கூடக் கழன்று விழவில்லை. கண்காட்சி மைதானத்தில் நுழைந்தபோது அல்போன்ஸுக்கே கண் கலங்கியது.

ஆனால் உள்ளே நின்ற மற்ற ஜீப்புகள் கண்ணாடி மாதிரி மின்னின. தலை வாரிக்கொள்ளலாம். கறுப்புக் கண்ணாடி போட்ட ரொனால்ட், அக்காவின் வண்டியை ஏற இறங்கப் பார்த்தான்.

"அக்கா, லாரிக்குச் சொல்லட்டுமா?"

டீச்சர் பானெட்டின் மேல் உள்ளங்கையை வைத்து நின்றுகொண்டார்.

நடுவர் கருணாகரன், வெள்ளை மீசைக்காரர், மின்னும் வண்டிகளை வரிசையாகக் கடந்து வந்தார். டீச்சரின் ஜீப்புக்கு எதிரே சட்டென்று நின்றார். டார்ச்சை எடுத்து, முட்டி போட்டு அடியில் பார்த்தார். ரிவெட் வரிசையை ஒவ்வொன்றாகத் தடவினார். "அடடா, அடடா" என்று முணுமுணுத்து, மற்ற இரண்டு நடுவர்களையும் கைகாட்டி அழைத்தார். மூவரும் வெகுநேரம் குனிந்திருந்தார்கள். ரொனால்ட் கறுப்புக் கண்ணாடியைக் கழற்றிவிட்டான்.

மதியம் மேடையில் பரிசுகள் அறிவித்தார்கள். கடைசியாக, எல்லாவற்றிலும் பெரிய கேடயத்துக்கு, "திருமதி மர்சலின் அல்போன்ஸ்!" என்றார்கள்.

மைதானமே கைதட்டியது. முதலில் எழுந்து நின்று தட்டியது ரொனால்ட். டீச்சர் படியேறினார். உப்புத்தாள் நம்பரிலிருந்து சொல்லத் தொடங்கலாமா, கட்டைவிரலிலிருந்து தொடங்கலாமா என்று மனசுக்குள் பேச்சைத் தயாரித்துக்கொண்டே கேடயத்தை வாங்கினார். காய்த்த கைகளுக்கு அது கனமாகவே தெரியவில்லை.

கருணாகரன் மைக்கைப் பிடித்தார். "பழைய வண்டின்னாலே ஆளாளுக்குத் தட்டி, ஒட்டி, பெயின்ட் அடிச்சுக் கெடுத்துடறாங்க. இந்த அம்மா ஒருத்தங்கதான், நாற்பது வருஷமா இந்த ஜீப் மேல ஒரு கைகூட வைக்காம அப்படியே விட்டிருக்காங்க!"