பதினோரு முதுகுகள்

இனிமேல் வாழ்நாளில் தூரிகையைத் தொடுவதில்லை என்று சூரியபிரகாஷ் முடிவெடுத்தபோது அவன் கையில் தோசைக்கரண்டி இருந்தது. பெரிய முடிவுகளை எடுத்தவர்கள் கையில் வாளோ பேனாவோ இருந்ததாகத்தான் அவன் படித்திருக்கிறான். ஆனால் வேல்விழி எட்டரை மணிக்குக் கம்பம் டவுனில் மருந்துக்கடைக் கவுன்ட்டரில் நிற்க வேண்டும். அதற்கு முன் அவளுக்கு மூன்று தோசை. இரண்டு ஆகியிருந்தது.

"வேலு, நான் இனிமே வரையப் போறதில்ல."

"சட்னியில உப்பு இல்ல."

"முடிவா சொல்றேன்."

"நானும் முடிவாத்தான் சொல்றேன். இல்ல."

உப்பைப் போட்டான். போட்டதில் அவனுடைய முடிவின் கம்பீரம் கொஞ்சம் கரைந்துவிட்டது.

அவன் குடும்பத்தில் பட்டம் வாங்கிய முதல் ஆள் அவன்தான். ஓவியப் பட்டம். அதை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று கேட்டுத் தெரிந்துகொள்ள வீட்டில் இரண்டாவது ஆள் இல்லை. எட்டு வருடம் ஓடிவிட்டது. உத்தமபாளையத்தில் ஃபிளக்ஸ் கடை வைத்திருக்கும் மைத்துனன் சுரேஷ்கண்ணன் வேலைக்கு வரச்சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டே இருக்கிறான். காதுகுத்து, பூப்பு விழா, கண்ணீர் அஞ்சலி. எதுவானாலும் முகம் பெரிதாக இருக்க வேண்டும். அவ்வளவுதான் அங்கே கலை.

"உன் தம்பி கடைக்கே போயிறேன்," என்றான்.

"அடுத்த வாரம் படம் வைக்கணுமே. மண்டபத்துக்குச் சொல்லியாச்சு."

ஆடி மாதம். கல்யாணம் கிடையாது. கம்பத்துக் கல்யாண மண்டபங்கள் எல்லாம் ஊரடங்கு போட்டது போலக் கிடக்கும். அதில் ஒன்றின் சாப்பாட்டுக்கூடத்தை வேல்விழி மூன்று நாளைக்குப் பேசி வைத்திருந்தாள்.

"யாருக்குப் பிடிக்கப் போகுது?"

"அத நீங்க சொல்ல வேணாம். நானும் சொல்லல. வாசல்ல ஒரு நோட்டு வைப்போம். பாத்தவக எழுதட்டும். வேணாம்னு ஊரு எழுதுச்சுன்னா, நானே தம்பிக்குப் போன் போட்டுச் சொல்லிர்றேன்."

"சத்தியமா?"

"மூணாவது தோசை கருகுது."

கருகியது. அதை அவனே சாப்பிட்டான்.

மொத்தம் பதினோரு படங்கள். பதினொன்றிலும் ஒரே பெண். பதினொன்றிலும் முதுகு. ஜீப்பில் ஏறுகிறாள். ஏலச்செடிக்கு அடியில் குனிந்து காய் எடுக்கிறாள். மழைக்குப் பிளாஸ்டிக் தாளைப் போர்த்திக்கொண்டு மலைப்பாதையில் போகிறாள். கையில் எப்போதும் ஒரு தூக்குவாளி. ஏன் முகம் இல்லை என்று வேல்விழி ஒருமுறை கேட்டாள். "முகத்தைப் பார்வையாளரின் கற்பனைக்கு விட்டிருக்கிறேன்," என்று கல்லூரித் தமிழில் பதில் சொன்னான்.

அது பொய். படத்தில் இருப்பது அவனுடைய அம்மா மாரீஸ்வரி. கேரளத்து ஏலத்தோட்டங்களுக்கு விடியுமுன் ஜீப்பில் போய் வந்தவள். ஒருநாள் கம்பம்மெட்டு மலைப்பாதை வளைவில் ஜீப் உருண்டது. அன்றைக்குப் போனவள் திரும்பவே இல்லை. அவனுக்கு அப்போது ஏழு வயது. பாயில் படுத்தபடி, பாதித் தூக்கத்தில், வாசலைத் தாண்டிப் போகும் முதுகைத்தான் அவன் தினமும் பார்த்திருந்தான். வாக்காளர் அட்டையில் ஒரு படம் இருந்தது. அந்தக் கறுப்புத் திட்டில் யார் வேண்டுமானாலும் இருக்கலாம். முகம் வரைய எத்தனையோ தரம் உட்கார்ந்தான். யார் யாரோ வந்தார்கள். ஒருமுறை நகைக்கடை விளம்பரத்துப் பெண் வந்தாள். அதோடு விட்டுவிட்டான்.

பெற்றவள் முகம் தெரியாதவன், அவளை வரைந்து ஊருக்குக் காட்டுவது என்ன நியாயம்? அதனால்தான் அந்த முடிவு. ஆனால் இதை வேல்விழியிடம் சொல்ல வாய் வரவில்லை.

வெள்ளிக்கிழமை கண்காட்சி திறந்தது. முதல் பார்வையாளர் மண்டபத்துக் காவல்காரர் மொக்கைச்சாமி. கூடம் முழுக்க ஒரு சுற்று வந்தார்.

"தம்பி, சாப்பாடு உண்டா?"

"இல்லண்ணே. படம் மட்டும்தான்."

"வெறும் படமா?" மொக்கைச்சாமி சாப்பாட்டுக்கூடத்தை ஒருமுறை பரிதாபமாகப் பார்த்தார். அந்தக் கூடத்துக்கு இப்படியொரு அவமானம் இதுவரை நேர்ந்ததில்லை என்பது போல.

பிறகு வந்தவர்களும் கையைக் கழுவிக்கொண்டு வந்தவர்கள்தான். அவர்களைக் குறை சொல்ல முடியாது.

"ஏன் அம்புட்டுப் பேரும் அங்கிட்டுப் பாத்து நிக்கிறாக?" என்றாள் வந்தவர்களில் ஒருத்தி.

"அம்புட்டுப் பேரா? ஒரே பொம்பளதான்டி."

"அப்ப பதினோரு தடவ கோவிச்சிருக்கா. புருசன் எப்படியாப்பட்ட ஆளோ."

இன்சூரன்ஸ் ஏஜென்ட் விஜயகுமார் ஒரு படத்தைச் சுவரிலிருந்து மெல்ல விலக்கி, அதன் பின்பக்கம் எட்டிப் பார்த்தார். முகம் அங்கே இருக்கும் என்று நினைத்திருக்க வேண்டும். இல்லை என்றதும் படத்தைப் பொறுப்பாக நேராக்கி வைத்துவிட்டு, "முன்பக்கம் பின்னாடி வரைவீகளோ?" என்று விசாரித்தார்.

மாலையில், வேல்விழி வந்து ஒரு சுற்று பார்த்துவிட்டுப் போனதும், சூரியபிரகாஷ் நோட்டைத் திறந்தான். அந்த மண்டபத்தில் அவ்வப்போது குறைதீர் முகாம் நடக்கும். மேசை மேல் நோட்டு இருந்தால் அதில் என்ன எழுத வேண்டும் என்று கம்பத்துக்காரர்களுக்குத் தெரியும்.

'எங்கள் தெருவில் ஒன்பது நாளாகத் தண்ணீர் வரவில்லை.'

'அனுமந்தன்பட்டியில் காலை ஏழு மணி பஸ் நிற்காமல் போகிறது.'

'முதியோர் உதவித்தொகை. இது மூன்றாவது மனு.'

'மேற்படி.'

ஐந்தாவதைப் படிக்க அவனுக்குத் தெம்பில்லை. மூடிவிட்டான்.

அன்றைக்குத்தான் அவனுக்கு ஒன்று புரிந்தது. ஊர் அவனைப் பாராட்டவும் போவதில்லை, திட்டவும் போவதில்லை. திட்டினால்தானே அவன் விட முடியும்? ஊர் திட்டாவிட்டால், ஊருக்காக அவனே திட்டிக்கொள்ள வேண்டியதுதான்.

சனிக்கிழமை மதியம். மொக்கைச்சாமி டீக்குப் போயிருந்தார். சூரியபிரகாஷ் நோட்டில் புதுப் பக்கம் திருப்பி, கையெழுத்து தெரியாமல் இருக்கப் பேனாவை இடது கையில் பிடித்தான். கோணல்மாணலாக வரும் என்று எதிர்பார்த்தான். அந்தக் கையோ, இத்தனை நாள் எங்கே போயிருந்தாய் என்று கேட்பது போல ஓடியது.

'படம் என்று இவற்றைச் சொல்லலாமா? மேகத்தின் சாம்பல் நிறம் ஐந்தாவது படத்தில் சேறாகிவிட்டது. இப்படிக்கு, சின்னக்கருப்பு.'

'பெண்ணின் தோள் எல்லாப் படத்திலும் இடது பக்கம் இறங்கியிருக்கிறது. வாளியோ வலது கையில். உடம்பு எப்படி நிற்கும் என்றே தெரியாதவர் ஓவியராம். ஈஸ்வரபாண்டி.'

இந்தத் தோள் விஷயம் அவனை வருடக்கணக்காக வாட்டியது. ஒவ்வொரு முறையும் நேராக வரையத்தான் தொடங்குவான். தூரிகை தானாக இடது பக்கம் இறங்கும்.

'முகம் வரையத் தெரியாததை முதுகால் மறைக்கிறார். கர்ணன்.'

இதை எழுதும்போது மட்டும் கை கொஞ்சம் நின்றது. பிறகு எழுதியது. மொத்தம் பத்துப் பேர். பத்துப் பேரும் ஒரே குரலாக அவனை ஃபிளக்ஸ் கடைக்குப் போகச் சொன்னார்கள்.

சாயங்காலம் கடையிலிருந்து வேல்விழி வந்தாள். நின்றபடியே பத்தையும் படித்தாள். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை.

"யாரு இந்தச் சின்னக்கருப்பு?"

"தாடி வச்ச ஒரு ஆளு."

"ஈஸ்வரபாண்டி?"

"அவருக்குத் தாடி இல்ல."

"ம். ரொம்ப நேரம் நின்னு பாத்திருக்காக பாவம்." நோட்டை மூடினாள். "சரி. ஊரு சொல்லிருச்சு. நாளைக்கு ஞாயிறு, ஒரு நாள்தான. முடியட்டும். திங்கக்கிழமை தம்பிக்குப் போன் போடுவோம்."

இவ்வளவு சுலபமாக ஜெயிப்போம் என்று அவன் நினைக்கவில்லை. ஜெயித்த மாதிரியும் இல்லை.  பழையபடி வீட்டுக்குத் தோசை மாவு கரைக்கப் போனான்.

ஞாயிறு மூன்று மணிக்கு வேல்விழி இரண்டு பெண்களைக் கூட்டிக்கொண்டு வந்தாள். ஒருத்தி மலையம்மாள், அறுபது இருக்கும். இன்னொருத்தி ஜெபஷீலா, கொஞ்சம் இளையவள். இருவரும் செருப்பை வாசலிலேயே கழற்றிவிட்டு வந்தார்கள்.

"கடையில முட்டி வலிக்குத் தைலம் வாங்க வருவாக," என்றாள் வேல்விழி. "தோட்டத்துக்குப் போறவக. பழைய ஜீப்புல யாரு யாரு போனீகன்னு போன மாசம் கேட்டு வச்சேன்."

சூரியபிரகாஷ் இரண்டடி பின்னால் நகர்ந்தான். இவர்களும் முகம் எங்கே என்று கேட்பார்கள். இவர்களிடம் கற்பனைக்கு விட்டிருக்கிறேன் என்று சொல்ல முடியாது.

இரண்டு பேரும் ஜீப் படத்துக்கு முன்னால் நின்றார்கள். தலையைச் சாய்த்துச் சாய்த்துப் பார்த்தார்கள். பிறகு ஜெபஷீலா மெதுவாகச் சொன்னாள்.

"யக்கா. மாரிக்கா."

"ஆமா. மாரிதான்," என்றாள் மலையம்மாள்.

சூரியபிரகாஷ் பக்கத்தில் வந்தான். "எப்படிச் சொல்றீக? மூஞ்சியே போடலையே."

"காட்டுல மூஞ்சிய எவ பாத்தா? வரிசையாக் குனிஞ்சோம்னா முன்னால போறவ முதுகுதான். முதுக வச்சு இருட்டுலயும் ஆளு சொல்லுவேன்." மலையம்மாள் விரலை நீட்டினாள், படத்தைத் தொடாமல். "இந்தா, இந்தத் தோளு. ஒரு பக்கமா இறங்கி நிக்கிது பாரு. அப்படியே அவதான். ஆனா வாளி தப்பு."

"தப்பா?"

"வலது கையில குடுத்திருக்க. அவளுக்கு நொட்டாங்கை தம்பி. எல்லாமே இடதுதான்."

"இல்லையே. வீட்டுல அம்மா வலது கையாலதான் எல்லாம் செய்யும்."

"அது மாமியாருக்குப் பயந்து. இடது கையில கரண்டியத் தொட்டா அந்தம்மா வஞ்சே கொன்னுரும். ஜீப்பு கம்பம்மெட்டத் தாண்டுனதும் வாளிய இந்தக் கைக்கு மாத்துவா. 'இனி இது என் கை'ம்பா. சிரிப்பா."

"அந்தக் கையிலதான் அவுக காயையும் எடுத்து, என் வரிசையிலயும் பாதி எடுப்பாக," என்றாள் ஜெபஷீலா.

சூரியபிரகாஷ் தன் இடது கையைப் பார்த்தான். சுண்டுவிரல் ஓரத்தில் நேற்று எழுதிய நீல மை இன்னும் போகாமல் தீற்றலாக இருந்தது. பாயில் உட்கார்ந்து சிலேட்டில் எழுதிய ஏதோ ஒரு நாள் நினைவுக்கு வந்தது. அவன் குச்சியை இடது கையில் எடுப்பான். அம்மா ஒன்றும் சொல்லாமல் அதை வாங்கி வலது கையில் வைப்பாள். மறுபடி இடது. மறுபடி வலது. அவளுடைய விரல்கள் தெரிந்தன. விரல் நுனியில் ஏலக்காய் வாசம் கூட இருந்தது. முகம் மட்டும் வரவில்லை.

"மூஞ்சி எப்படி இருக்கும்?" என்று கேட்டுவிட்டான். வேல்விழி அங்கே நிற்பது அதற்குப் பிறகுதான் நினைவு வந்தது.

மலையம்மாள் ஜெபஷீலாவைப் பார்த்தாள். ஜெபஷீலா தரையைப் பார்த்தாள்.

"பொய் சொல்லக் கூடாது தம்பி. எனக்கும் நெனவில்ல. அன்னைக்கு அவளுக்குப் பின்னாடி சீட்டுலதான் இருந்தேன். கடைசியாப் பாத்ததும் இந்த முதுகுதான்."

 டீக்குக் காசு கேட்க எட்டிப் பார்த்த மொக்கைச்சாமிகூட ஒன்றும் கேட்காமல் போய்விட்டார்.

போகும்போது மலையம்மாள் நோட்டைக் கண்டு நின்றாள். "என்னமோ எழுதணுமாமே. எனக்கு வராது. நீ எழுது தாயி. பதினொன்னுலயும் கை மாத்தணும்னு எழுது."

"என்னையும் ஒரு ஓரத்துல போடச் சொல்லுங்க," என்றாள் ஜெபஷீலா. "முதுகு போதும். மூஞ்சி வேணாம், கருத்துப்போச்சு."

வேல்விழி எழுதினாள். அவர்கள் போன பிறகு கதவைச் சாத்தினாள். சூரியபிரகாஷ் முகத்தைத் துடைத்துக்கொண்டு, கடைசியாக ஒருமுறை சட்டம் பேசினான்.

"ஊருன்னா மெஜாரிட்டிதான வேலு. பத்துப் பேரு வேணாம்னு எழுதியிருக்காக."

"பத்துப் பேரும் ஒரே கையால எழுதுனாகளாக்கும். அந்தக் கைய முதல்ல சோப்புப் போட்டுக் கழுவுங்க."

அவன் கையைப் பின்னால் மறைத்தான். ஒரு நாள் தாமதமான மறைப்பு.

"ஊருல ஒருத்தரும் ஒரு படத்து முன்னால அர நிமிசம் நிக்கல," என்றாள் அவள். "அஞ்சாவது படத்து மேகம் சேறாப் போச்சுன்னு சொல்லணும்னா, அத ராப்பகலா பாத்தவராத்தான் இருக்கணும். ஈஸ்வரபாண்டி சொன்ன தோளு குத்தம் குத்தமே இல்லன்னு அந்த அக்கா சொல்லிட்டாக. ஊருன்னு எழுதுனது இந்த ஒரு மனுதான். பதினொன்னுலயும் கை மாத்தணுமாம். மாத்தலைன்னா தைலம் வாங்க வர்றப்ப என்னையத்தான் வைவாக."

"எனக்கு மூஞ்சி தெரியாதுங்கிறது..."

"தெரியும். கல்யாணமான மொத வாரமே தூக்கத்துல சொன்னீக."

 மேசை ஓரத்தில் உட்கார்ந்தான்.

"யோசிக்கக் கொஞ்சம் நாள் குடு," என்றான் கடைசியில்.

"குடுத்தாச்சு. மொத பக்கம் பாருங்க. அஞ்சாவது."

திருப்பினான். தண்ணீர், பஸ், உதவித்தொகை, மேற்படி. அதற்குக் கீழே, அவன் இடது கையில் பேனாவைத் தொடுவதற்கு ஒரு நாள் முன்னாலேயே, வேல்விழியின் குண்டு எழுத்தில் இருந்தது:

'அடுத்த வருடம் ஆடி 10, 11, 12. இதே மண்டபம். புதுப் படங்கள். அனைவரும் வருக. அடுத்தமுறை சாப்பாடும் உண்டு. சமையல், சூரியபிரகாஷ்.'